நேர்த்திக்கடனும் தீபாவளி சீசனும்

கேள்வி: பட்டாசு ஆலையில் பீஸ் ரேட் வேலை எனக்கு. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வருவதாக வேண்டுதல். தீபாவளி சீசனும் சூடுபிடித்துவிட்டது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே நேரமில்லை. எதை விடுவது?
- வாசகி, சிவகாசி

பதில்: சகோதரி, தூக்கத்தை மட்டும் விடாதீர்கள். இரவெல்லாம் நடந்துவிட்டுக் காலையில் வெடிமருந்து அறையில் உட்காரவே கூடாது. அசந்த கையில் ஓர் உராய்வு போதும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. மறுநாள் வரமாட்டேன் என்று ஃபோர்மேனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கூலி போனால் போகட்டும்.

லீவு கிடைக்காவிட்டால், தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் நாட்களில் பிள்ளைகளோடு போய் வாருங்கள். மாரியம்மன் தேதி பார்த்துக் கோபிப்பவள் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

பிள்ளைகளோடு இருக்கலாமே என்று மருந்து வேலையை வீட்டுக்கு எடுத்துவருவது வேண்டவே வேண்டாம். அது சட்டப்படியும் குற்றம்.