மோட்டார் வண்டியின் சுக்கான் நோய்

நீரில் ஓடும் கலத்திற்குச் சுக்கான் எத்தகையதோ, நிலத்தில் ஓடும் மோட்டார் வண்டிக்கு ஸ்டீரிங் என்னும் உறுப்பும் அத்தகையது. சுக்கான் என்னும் சொல் அரபு மொழியினின்று நம் கடற்கரைக்கு வந்து குடியேறியது. வந்த சொல்லாயினும் இன்று நம் வீட்டுச் சொல்லே ஆதலின், இக்கட்டுரையில் ஸ்டீரிங் அமைப்பு முழுவதையும் சுக்கான் என்றும், ஓட்டுநர் கையிற்பிடிக்கும் வட்டத்தைக் கைச்சக்கரம் என்றும் வழங்குவேன். பெருங்கப்பலைச் சிறு சுக்கான் திருப்புதலை யாக்கோபு தம் நிருபத்தில் நாவிற்கு உவமையாக்கினார். அவ்வுவமையைச் சிறு வயது முதல் பலகாற் கேட்டிருந்தும், அச்சுக்கானே பழுதுற்றால் கலத்தின் கதி யாதாகும் என்று யான் எண்ணிப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையிலேதான்.

எம் தந்தையார் ஒரு சேகரத்தின் குருவானவர். ஞாயிறுதோறும் மூன்று சிற்றூர்களுக்கு ஆராதனை நடத்தச் செல்வார். எம் வண்டி பழையது, சிறியது; பவர் ஸ்டீரிங் இல்லாதது. அன்று குளக்கரைச் சாலையின் வளைவொன்றில் அவர் கைச்சக்கரத்தைத் திருப்பியும் வண்டி உடனே திரும்பவில்லை. ஏறத்தாழ இரண்டங்குலம் அது வெறிதே சுழன்ற பின்னரே முன்சக்கரங்கள் அசைந்தன. உடன் ‘டொக்’கென்று ஓர் ஒலியும் எழுந்தது. ஒருபுறம் குளம், மறுபுறம் பள்ளம். தந்தையார் யாதும் பேசாது நடைவேகத்தில் ஓட்டிச்சென்று, ஆராதனையை முடித்து, அவ்வாறே வீடு திரும்பினார். அங்ஙனம் ஓட்டி வந்ததே பெரும்பிழை என்பது மறுநாள் மாலையிலேயே எமக்கு விளங்கிற்று.

நோயை நாடுமுன் உறுப்புகளின் தொடர்பை அறிதல் வேண்டும். கைச்சக்கரத்தின் கீழே ஒரு தண்டு இறங்குகின்றது. அதன் அடியில், ஓட்டுநரின் பாதத்தருகே, வளைந்து கொடுக்கும் ஒரு ஜாயிண்ட்டு உளது. அதற்கப்பால் ஒரு சிறு பற்சக்கரம். அப்பற்சக்கரம் குறுக்கே கிடக்கும் பல்வெட்டிய சட்டம் ஒன்றை இடமும் வலமும் நகர்த்தும். அச்சட்டத்தையே பட்டறையில் ராக் என்பர். ராக்கின் இருமுனையிலும் டை ராடு என்னும் கம்பிகள் பொருந்தியுள்ளன. அவற்றின் கடைசியில் பந்துபோல் உருளும் மூட்டு உண்டு. அதுவே டை ராடு எண்டு. அது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையை இழுக்க, சக்கரம் திரும்புகின்றது. 2014-ஆம் ஆண்டுடன் உற்பத்தி நின்ற அம்பாஸடரிலும் மாருதி 800-இலும் இருந்தது இவ்வமைப்பே. இன்றைய சிறு கார்களிலும் பெரும்பாலும் இதுவே. மின் மோட்டார் ஒன்று உதவிக்கு நிற்பதே வேற்றுமை.

வண்டி வளையுங்கால் உட்பக்கச் சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரு வட்டத்திலும் செல்லுகின்றன. இரண்டும் ஒரே கோணத்தில் திரும்புமாயின் ஒன்று தரையில் இழுபட்டுத் தேயும். உட்சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்புமாறு அமைக்கும் முறையைக் கண்டவர் முனிச் நகரத்து வண்டித் தொழிலாளரான கேயார்க் லாங்கென்ஸ்பெர்கர். இலண்டனில் 1818-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றவர் ருடால்ப் ஆக்கர்மன் என்னும் நூல் வெளியீட்டாளர். இன்று அம்முறைக்கு வழங்குவது ஆக்கர்மன் பெயரே! கண்டவர் பெயர் மறையப் பதிந்தவர் பெயர் நிற்றல் தொழிலுலகத்தில் அரிதன்று போலும். இன்னொரு வியப்பும் உண்டு. குதிரை வண்டிக்கு இம்முறை வந்து அறுபத்தெட்டு ஆண்டு கழிந்து, 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள் இருந்தன. நான்கு சக்கரத்திற்குரிய சுக்கானுக்கு அவர் உரிமை பெற்றது 1893-இல்.

இனி யான் செய்த பிழைக்கு வருகின்றேன். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைத் தேர்வுக்காக உரையுடன் மனப்பாடம் செய்தவன் யான். இன்ன நோயென்று தெளிந்து, அதன் முதலைத் தேடி, பிறகே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது அவ்வதிகாரத்துச் செய்தி. வினாத்தாளில் அதனை அழகாக எழுதினேன். வண்டியண்டை வந்தபோதோ, ‘டொக்’கென்னும் ஒலி வலப்புறம் கேட்டது போலிருந்தது, கைப்பேசியில் கண்ட ஒரு படக்காட்சியும் டை ராடு எண்டு தேய்ந்தால் அவ்வொலி வருமென்றது, உடனே கடைக்குச் சென்று வலப்புறத்துக்குரியதை வாங்கி வந்தேன். நாடி பிடித்துப் பாராமலே மருந்து வாங்கியாயிற்று.

வேலையை மட்டும் ஒழுங்காகவே செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனை ஈண்டு விரித்துரைப்பது, உண்மையிலேயே அவ்வுறுப்புத் தேய்ந்த வண்டியுடையார்க்குப் பயன்படும். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைத்தடையை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். சக்கரத்தின் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சிறிது தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கியால் தூக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ்க் கையையோ தலையையோ நீட்டுதல் கூடாது. இரும்பு ஸ்டாண்டு கொடுத்தல் வேண்டும். செங்கல் அடுக்குதல் தற்கொலைக்கு ஒப்பாகும். செங்கல் சொல்லாமல் நொறுங்கும். சக்கரத்தைக் கழற்றியபின், டை ராடிலுள்ள பூட்டு நட்டைக் கால் சுற்று இளக்கினேன். மூட்டின் தண்டில் கிரீடம்போற் பல்வெட்டிய நட்டு ஒன்றும், அது கழலாதபடி குறுக்கே செருகிய ஸ்பிலிட் பின் ஒன்றும் உள. பின்னை இழுத்தெறிந்து, நட்டை முழுதும் கழற்றாது இரண்டு மரையளவு விட்டு, தண்டு செருகியிருக்கும் கையின் பக்கவாட்டில் சுத்தியலால் இருமுறை ஓங்கித் தட்டினேன். தண்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கும். பக்கவாட்டில் அடித்தால் கூம்பு வடிவான பிடி தானே விடும். விட்டது. பழைய மூட்டைச் சுழற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணினேன், பதினாறு. புதியதையும் பதினாறு சுற்றே ஏற்றவேண்டும். இல்லையேல் சக்கரத்தின் நேர்ப்பார்வை கெடும். நட்டை இறுக்கியபின் துளை நேர்ப்படாவிடின் மேலும் இறுக்கியே நேர்ப்படுத்தல் வேண்டும். தளர்த்தி நேர்ப்படுத்தல் ஆகாது. ஸ்பிலிட் பின் புதியதாகவே இருத்தல் வேண்டும். அதன் விலை சில காசு. அதற்குப் பதிலாக ஆணியை வளைத்து வைப்போர் உளர் என்று கேட்டு நடுங்கினேன்.

மூன்று மணி நேரம் கழிந்தது. கைகளில் கிரீஸ். பெருமிதத்தோடு கைச்சக்கரத்தைத் திருப்பினேன். இரண்டங்குலம் வெறிதே சுழன்றது. ‘டொக்’.

எம் தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்து முதுமையால் விட்டுவிட்ட அண்ணாச்சி ஒருவர் உளர். அவரை அழைத்து வந்தேன். அவர் கருவி ஒன்றும் கொண்டுவரவில்லை. வண்டியைத் தரையில் இறக்கச் சொன்னார். “தம்பி, நீ மேலே உட்கார்ந்து கொஞ்சங் கொஞ்சமா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டு. எஞ்சின் வேண்டாம். நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதே” என்றார். யான் ஆட்ட, அவர் முன்சக்கரத்தருகே குனிந்து டை ராடு எண்டின்மேல் இரண்டு விரல் வைத்தார், பிறகு ராக்கின்மேல், பிறகு கதவைத் திறந்து என் பாதத்தருகே கையை நீட்டி ஜாயிண்ட்டின்மேல். அங்கே நின்றார். “இங்கே வந்து பார். மேலே அசையுது, கீழே அசையலை” என்றார்.

அவ்வளவே அவருடைய சாத்திரம். யான் அதனை எழுத்துத் தமிழிற் சொல்வதாயின், கைச்சக்கரத்திற் பிறக்கும் அசைவு எவ்வுறுப்பிற் புகுந்து வெளிப்படாது நிற்கின்றதோ அவ்வுறுப்பே நோயின் இடம் என்க. மேலிருந்து கீழாகத் தேடினும் கீழிருந்து மேலாகத் தேடினும் ஒன்றையும் தாண்டாது தேடவேண்டும். ஒலியை நம்பலாகாது, இரும்பின் வழியே ஒலி ஓடிச்சென்று வேறிடத்திற் கேட்கும். விரல் பொய் சொல்லாது.

ஜாயிண்ட்டைத் தண்டோடு கவ்விப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட்டு. அது தளர்ந்திருந்தது. எப்போது யாரால் தளர்ந்தது என்பது தெரியவில்லை. அண்ணாச்சி அதனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் நகம் பதியுமளவு தேய்ந்த பள்ளம் ஒன்று இருந்தது. தண்டிலுள்ள வெட்டில் அப்போல்ட்டு குறுக்கே கிடந்தமையால் மட்டுமே ஜாயிண்ட்டு கழன்று வீழாதிருந்தது. டை ராடு எண்டு தேய்ந்தால் வண்டி தள்ளாடி எச்சரிக்கும். இது கழன்றாலோ கைச்சக்கரம் கையில் வெறும் வட்டமாய் நின்றுவிடும். தந்தையார் அதனோடு மூன்று ஊர் சென்று வந்தார். அண்ணாச்சி அவரை நோக்கி, “ஐயா, இனிமே இப்படி ஆட்டம் தெரிஞ்சா அந்த இடத்திலேயே வண்டியை விட்டுட்டுப் பஸ்ல போங்க, ஜெபம் நான் வேண்டாம்னு சொல்லலை” என்றார். தந்தையார் தலையசைத்தார். பற்கள் தேயாதிருந்தமையால் புதுப் போல்ட்டு ஒன்றே போதுமானதாயிற்று. தேய்ந்திருப்பின் ஜாயிண்ட்டையே மாற்றவேண்டும் என்றார்.

ஆட்டமன்றி வேறு நோய்களும் உள. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் அசைவது பெரும்பாலும் டை ராடுப் பக்கத்துக் குற்றம். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவது பேரிங்கோ கீழ் மூட்டோ ஆம். சுக்கான் திடீரெனக் கனத்தால் முதலில் டயரின் காற்றைப் பார்க்க. வண்டியின் கதவோரம் ஒட்டிய சீட்டில் அதன் அளவு உண்டு. வண்டி ஒருபுறம் இழுத்தாலும் காற்றே முதல் ஐயம்; காற்று சரியெனில், முன் டயர்கள் இரண்டையும் இடம்மாற்றிப் போட்டு ஓட்டுக. இழுப்பும் பக்கம் மாறுமாயின் குற்றம் டயரில். ஆயினும் ஒரு திசையிலேயே சுழலவேண்டும் என்று அம்புக்குறி இட்ட டயர்களுக்கு இச்சோதனை ஆகாது. சாவியை எடுத்தபின் கைச்சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்வது நோயே அன்று. அதனை மெல்ல இருபுறமும் அசைத்தவாறு சாவியைத் திருப்ப விடும்.

பவர் ஸ்டீரிங் 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது; அஃது எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. மின்சாரத்தால் இயங்குவது 1988-இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்னும் சிறு காரில் வந்தது. எண்ணெய் வகை முனகினால் எண்ணெய் குறைந்ததோ, பெல்ட்டு நழுவுகின்றதோ என்று பார்க்கலாம். மின் வகையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாட்டரியையும் பியூஸையும் பார்க்கலாம். அதற்கப்பால் நம் கை செல்லலாகாது. இரண்டிலும் ஓட்டும்போது உதவி நின்றுபோனால் சுக்கான் கனக்குமேயன்றி அற்றுப்போகாது. இதனை அறிந்தவன் அஞ்சிக் கைவிடாமல் வலிந்து திருப்பி ஓரம் சேர்வான். கைச்சக்கரத்தினுள் காற்றுப்பை உள்ள வண்டிகளில் அச்சக்கரத்தை வீட்டிற் கழற்ற முனைதல் கூடாது. தவறி வெடித்தால் முகத்திற்கே கேடு. ராக்கினுள்ளே தேய்வு இருப்பினும் பட்டறையே தகும்.

டை ராடு எண்டைத் தொட்டபின் சக்கரங்களின் நேர்ப்பார்வையைக் கருவிகொண்டு சோதித்தல் இன்றியமையாதது. ஆகவே மறுநாள் வண்டியை அலைன்மெண்ட் செய்யுமிடத்திற்குக் கொண்டுசென்றேன். அங்கிருந்த இளைஞர் திரையைப் பார்த்து, வலச்சக்கரம் சற்று விலகியிருப்பதாகக் கூறி, டை ராடை ஸ்பானரால் பிடித்துத் திருப்பினார். யான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாக அரைச் சுற்று. பதினாறு என்று எண்ணியது பதினாறரையாக இருந்திருக்க வேண்டும். கழற்றிய பழைய டை ராடு எண்டை அண்ணாச்சி கையில் உருட்டிப் பார்த்து, இன்னும் சில ஆண்டு ஓடியிருக்கும் என்றார். அஃது இப்போது என் புத்தக அலமாரியில் பரிமேலழகர் உரைக்கு அருகில் இருக்கின்றது.