‘ப்ளடி’ என்றால் திட்டா?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். போன வாரம் ஒரு முதியவருக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, ‘யூ ஆர் ப்ளடி மார்வெலஸ்’ என்றாராம். அன்று முழுக்க அவளுக்கு மனசே சரியில்லை. சினிமாவில் வெள்ளைக்காரத் துரை நம்மவர்களைத் திட்டுகிற வார்த்தைதானே அது? – ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: இன்றைக்கே மகளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள் அம்மா, அந்தப் பெரியவர் திட்டவில்லை. மனசாரப் பாராட்டியிருக்கிறார். ‘வலியே தெரியல, உன் கை தங்கமான கை தாயி’ என்று நம் ஊர்ப் பெரியவர் சொன்னதாக அவள் எடுத்துக்கொள்ளலாம்.

அவள் கலங்கியதில் தப்பில்லை. திரையில் இந்தச் சொல் வந்தால் அடுத்து ‘ஃபூல்’ வரும், ‘இண்டியன்’ வரும். கேட்டுக் கேட்டு, ‘ப்ளடி’யே ஒரு வசை என்று நம் காதில் பதிந்துவிட்டது. உண்மையில் அடுத்து வரும் சொல்லை அழுத்திச் சொல்வதுதான் அதன் வேலை. ‘ஃபூல்’ வந்தால் திட்டு, ‘குட்’ வந்தால் பாராட்டு, ‘கோல்ட்’ வந்தால் வெறும் குளிர். ‘பிரியாணி பயங்கர டேஸ்ட்’ என்று நாம் சொல்கிறோமே, அதில் யாராவது பயந்தார்களா?

‘ப்ளட்’ என்றால் ரத்தம். அது எப்படி இந்தச் சொல்லுக்குள் வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. மாதா பெயரால் இடும் ‘பை அவர் லேடி’ என்ற ஆணைதான் தேய்ந்து ‘ப்ளடி’ ஆனது என்பார்கள். அழகான கதைதான், ஆனால் அகராதிக்காரர்கள் ஏற்பதில்லை. 17ஆம் நூற்றாண்டில் குடித்துக் கூத்தடித்த பணக்கார வீட்டு இளைஞர்களுக்கு ‘ப்ளட்ஸ்’ என்று பெயர். அவர்களைப் போலக் குடித்தவன் ‘ப்ளடி டிரங்க்’ ஆனான் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1711இல் பாதிரியாரான ஜோனதன் ஸ்விஃப்ட்கூட, வெயில் கொளுத்தியதைச் சொல்ல இதே சொல்லைக் கூசாமல் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பிறகுதான் இது ஏழைகள் வாயில் புழங்கும் சொல் என்று மேல்தட்டு ஒதுக்கியது. பத்திரிகைகள் நடு எழுத்துகளை விட்டுவிட்டு அச்சிட்டன. 1914 ஏப்ரலில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ லண்டன் மேடைக்கு வந்தது. பூ விற்கும் எலைஸாவுக்குச் சீமாட்டி போலப் பேசக் கற்றுக்கொடுத்து, ஒரு பெரிய வீட்டு வரவேற்பறையில் உட்காரவைக்கிறார்கள். கிளம்பும்போது, பூங்கா வழியே நடந்துதான் போகிறீர்களா என்று ஒருவர் கேட்கிறார். அப்பழுக்கில்லாத உச்சரிப்பில், ‘ப்ளடி’ சேர்த்து, மாட்டேன் என்கிறாள். அரங்கில் சிரிப்பு அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதாம். அதன்பின் கொஞ்ச காலம், கெட்ட வார்த்தையைச் சொல்லக் கூசியவர்கள் அந்த இடத்தில் ‘பிக்மேலியன்’ என்றே சொல்லிக்கொண்டார்கள்!

இன்று அந்தக் காரம் இல்லை. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் இதை மென்மையான வகையில்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் முழுக்கச் சாதுவாகிவிடவில்லை. 2006இல் ஆஸ்திரேலியச் சுற்றுலா விளம்பரம் ஒன்றை இந்தச் சொல்லுக்காகவே பிரிட்டிஷ் டிவியில் முதலில் தடுத்து, பிறகுதான் விட்டார்கள்.

அதனால் மகள் இதைத் தன் வாயில் எடுக்க அவசரப்பட வேண்டாம். நோயாளியிடமும் மேலதிகாரியிடமும் கூடவே கூடாது, மின்னஞ்சலிலும் வேண்டாம். கோயில் குளம் என்றிருக்கும் நம் பாட்டிமார் போல, சர்ச்சுக்குத் தவறாமல் போகும் மூதாட்டிகள் அங்கேயும் உண்டு. அவர்கள் இன்னும் முகம் சுளிப்பார்கள். ஒன்று மட்டும் அவள் மனதில் இருக்கட்டும்: இந்தச் சொல்லுக்கு அடுத்து அவள் நாட்டையோ நிறத்தையோ யாராவது சேர்த்தால் அது வசையேதான். பொறுத்துப் போகாமல் வார்டு பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் இன்னும் வார்டில் இருந்தால், போய் ஒரு ‘தேங்க் யூ’ சொல்லட்டும். அன்று அவள் முகம் வாடியதை அவர் கவனித்திருப்பார்.