ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏற்காட்டுக்கு

கேள்வி: நண்பர்கள் நால்வர் சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் கிளம்புகிறோம். ஏற்காடு ஸ்டேஷனில் இறங்கினால் ஏரி எவ்வளவு தூரம்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஏற்காட்டில் ஸ்டேஷனே கிடையாது, தம்பி! பெயர்தான் ஏற்காடு; வண்டி போய் நிற்பது ஈரோட்டில். நீங்கள் விடியுமுன் சேலம் ஜங்ஷனில் இறங்கிவிட வேண்டும். தூங்கிவிட்டால் காவிரியைத் தாண்டிவிடுவீர்கள், அலாரம் வையுங்கள். ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்ஸில் புதிய பஸ் நிலையம். அங்கே ஏற்காடு பஸ். 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் டிபனை மலையேறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படகுச் சவாரிக்கு எல்லோரும் வரிசை கட்டுவார்கள். நான் சொல்வது, முதலில் சேர்வராயன் கோயில். 5,000 அடிக்கு மேலே, மலை உச்சியில் தாழ்வான குகைக்குள் சேர்வராயனும் காவிரியம்மனும் இருக்கிறார்கள். குனிந்துதான் போக வேண்டும். வழியெல்லாம் காபித் தோட்டம். 19-ம் நூற்றாண்டில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர், மிளகுக்கொடி சுற்றிய நிழல் மரங்களின் கீழ் இன்றும் நிற்கிறது. செடி ரசிகர் யாராவது கூட்டத்தில் இருந்தால் ஆர்க்கிட் பூங்காவுக்கும் போகலாம். கோடையில் கிளியூர் அருவியை நம்பிப் போகாதீர்கள், வெறும் பாறைதான் இருக்கும். லேடீஸ் சீட்டை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் கீழே சேலம் முழுக்க விளக்கு. ஆனால் கடைசி பஸ் எப்போது என்று காலையிலேயே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.