குழந்தையின் உடலில் ஈயம் சேராமல் இருக்க...

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை.

• பெயின்ட் உரியும் பழைய ஜன்னல், கதவுகளை ஈரத்துணியால் துடையுங்கள். உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும்.

• புது பெயின்ட் டப்பாவில், ஈயம் 90 பிபிஎம்முக்குள் என அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

• கண்ணைப் பறிக்கும் மஞ்சள்தூளில் லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் கலப்படமாக இருக்கலாம். மெருகேற்றாத விரலி மஞ்சளை வாங்கி அரையுங்கள்.

• ரசம் வைக்கும் ஈயச்சொம்பு காரீயம் கலக்காத சுத்தமான வெள்ளீயம்தானா? சந்தேகமென்றால் எவர்சில்வரே போதும்.

• பேட்டரி வேலை பார்ப்பவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

• கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் அடிக்கடி கொடுங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்தால் உடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும்.

• பெரும்பாலும் அறிகுறி தெரியாது; சந்தேகமிருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.