மூட்டைப்பூச்சித் தொல்லை: மறைக்காமற் கையாள்வோம்

சில மாதங்களாக வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வராதிருந்த தாயார் ஒருவரை எமது தொண்டர் ஒருவர் ஸ்காபறோவில் கடையொன்றிற் கண்டு காரணம் கேட்டார். முதலிற் சுகமில்லை என்றவர், பின்னர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, வீட்டிலை மூட்டை. கோயிலுக்கு வந்து மற்றச் சனத்துக்கும் குடுத்திடுவனோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார். பேரப்பிள்ளையின் கைகால்களில் ஏற்பட்ட தடிப்புகளை வைத்தியருக்குக் காட்டவும் வெட்கப்பட்டு மஞ்சள் பூசி வந்திருக்கிறார். சொறிந்த இடங்கள் சீழ் வைத்த பின்னரே பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு போனார்கள்.

ரொறன்ரோவின் தொடர்மாடிகளில் வாழும் எம்மவர் பலருக்கு இத்தொல்லை உண்டு. வெளியிற் சொல்வோர்தான் குறைவு. எனவே இம்முறை சுகாதாரப் பகுதியில் இதனையே எடுத்துக் கொண்டோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. இரத்தத்தைத் தேடி வருகிறது. இரண்டாம் உலகப் போரின் பின் டி.டி.ரி. போன்ற மருந்துகளால் மேலை நாடுகளில் ஏறக்குறைய மறைந்திருந்த இப்பூச்சி, 1990களின் பிற்பகுதியிலிருந்து மீண்டும் பரவியது. பயணப் பெட்டியிலும், வீதியோரத்திற் கிடந்து நாம் தூக்கி வரும் சோபாவிலும், பக்கத்து வீட்டுச் சுவர் வெடிப்பினூடாகவும் அது வந்து சேரும். துப்புரவான வீட்டிலும் இருக்கும், விலையுயர்ந்த ஹோட்டலிலும் இருக்கும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வளர்ந்த பூச்சி அப்பிள் விதையளவு, ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் இருக்கும். மெத்தையின் தையல் ஓரங்கள், கட்டிலின் தலைமாட்டுப் பலகை, ஆணித் துளைகள் ஆகியவற்றை டோர்ச் அடித்துப் பாருங்கள். மைப் பொட்டுப் போன்ற கறுப்புப் புள்ளிகள் அதன் கழிவாகும். கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் படங்களின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். சுவாமி படமென்று முதியோர் சிலர் தொடத் தயங்குகிறார்கள். பூச்சிக்கு அந்தத் தயக்கம் இல்லை.

கடியினால் நோய் எதுவும் பரவுவதாக அறியப்படவில்லை. சிலருக்குத் தடிப்பே வராது. ஆதலால் ஒரே கட்டிலில் ஒருவர் சொறிந்து கொண்டிருக்க மற்றவர் நுளம்பு என்று சொல்லி விடுகிறார். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்தால் கடி தணியும். பார்மசியில் மருந்துச் சீட்டின்றிக் கிடைக்கும் ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீமைச் சிறிதளவு பூசலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எதைக் கொடுப்பதாயினும் முதலில் மருந்தாளரைக் கேளுங்கள். பிள்ளைகளின் நகங்களை ஒட்ட வெட்டி விடுங்கள். தடிப்பு வீங்கிச் சூடாகினாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம் போக வேண்டும். முகம் வீங்கி மூச்செடுக்கக் கஷ்டமாயின் 911.

இனி ஒழிக்கும் வழி. ஊரிலே கட்டிலை முற்றத்து வெயிலிற் போட்டு, பொருத்துக்களில் மண்ணெண்ணெய் விட்டோம். இங்கே தொடர்மாடியில் மண்ணெண்ணெய் தீ விபத்துக்கே வழி. மெத்தையைப் பனியில் வைத்தாற் செத்துவிடும் என்பதும் நம்பத் தகுந்ததன்று. உறை குளிரில் -18 பாகை பல நாட்கள் உள்ளே வரை இறங்கினால்தான் சாகும். எமக்குக் கைகொடுப்பது வெப்பமே. படுக்கை விரிப்பு, தலையணையுறை, உடுப்புகள் அனைத்தையும் இறுகக் கட்டிய பிளாஸ்ரிக் பையிற் கொண்டு போய், ட்றையரில் உச்ச சூட்டில் 30 நிமிடமாவது சுற்ற விடுங்கள். பழைய பையை மீண்டும் பாவிக்கக் கூடாது. மெத்தையின் ஓரங்களை வக்கூம் செய்து, அந்தப் பையை உடனே கட்டி வெளியே எறியுங்கள். பின் மூட்டைப்பூச்சிக்கென விற்கப்படும் சிப் வைத்த உறையால் மெத்தையை முழுதாக மூடி, ஒரு வருடத்துக்குக் குறையாமல் அப்படியே விடுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

மெத்தையை அவசரப்பட்டு வெளியே வீசாதீர்கள். அதை இன்னொரு குடும்பம் தூக்கிச் செல்லும். உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள பூச்சி அங்கேயே இருக்கும். கடையில் வாங்கும் ஸ்பிறேயும் புகைக் குண்டும் பூச்சியைப் பக்கத்து அறைக்குக் கலைக்குமேயன்றி அழிப்பது அரிது. அம்மருந்துகளுக்குப் பல பூச்சிகள் பழகி விட்டன.

ஊருக்குப் போய் வருவோர் பெட்டிக்குள் மருந்து கொண்டு வருவதை மன்றாடித் தடுக்கிறோம். 2015ஆம் ஆண்டு பெப்ரவரியில் அல்பேர்ட்டா மாகாணத்தின் போர்ட் மக்மறே நகரில், பாகிஸ்தானிலிருந்து கொண்டு வந்த பொஸ்பீன் வாயு வெளிவிடும் மருந்தை ஒரு குடும்பத்தினர் மூட்டைப்பூச்சிக்காக வீட்டில் வைத்தனர். அவர்களது 8 மாதக் குழந்தை உயிரிழந்தது. அவர்களும் எம்மைப் போல் வெளிநாட்டில் வாழ வந்தவர்கள்தாம். தானியக் களஞ்சியத்துக்குரிய மருந்து படுக்கையறைக்கு உரியதன்று.

வாடகை வீடாயின் இச்செலவு உங்களுடையதன்று. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வீட்டைச் சுகாதாரமாகப் பேணுவது சொந்தக்காரரின் பொறுப்பு. சூப்பரிடம் வாயாற் சொல்லிவிட்டு இருந்து விடாமல், திகதியிட்டு எழுத்திற் கொடுத்துப் பிரதி வைத்துக் கொள்ளுங்கள். மருந்தடிக்க வருவோர் 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். முட்டைகள் தப்பிவிடுமாதலால் ஒருமுறை அடித்தாற் போதாது. இரு வாரமளவில் மீண்டும் அடிக்க வேண்டும். சொந்தக்காரர் அசையாவிடில் ரொறன்ரோவில் 311ஐ அழையுங்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்தி விடாதீர்கள். வீட்டை விட்டு எழுப்ப அதுவே காரணமாகும்.

கோயிலுக்கு வரலாமா என்று அந்தத் தாயார் கேட்டார். தாராளமாக வரலாம். பேன் போல் இது உடம்பில் தங்குவதன்று. பையிலும் மேலங்கியிலும் ஒளிந்து வரும். ட்றையரிலிருந்து எடுத்த உடுப்பை அணிந்து, கைப்பை இல்லாமல் வாருங்கள். பழைய உடுப்புத் தானமாகத் தருவோரும் ட்றையரிற் போட்ட பின்னரே தரவும்.

வீட்டுச் சொந்தக்காரருக்கு ஆங்கிலத்திற் கடிதம் எழுத இயலாதவர்கள் ஞாயிறு மதியப் பூசை முடிந்ததும் காரியாலயத்துக்கு வரலாம். கடிதம் எழுதித் தருவோம். பெயர் எவருக்கும் வெளியிடப்பட மாட்டாது.