எந்த ஆற்று மணல், அம்மிணி?

அன்புள்ள அம்மிணிக்கு,

நம் நாணயச் சங்கத்தின் ஆண்டு மலர் முந்தாநாள் தபாலில் வந்தது. மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு உன் கட்டுரையைத்தான் முதலில் எடுத்தேன். ஒரு தடவை வாசித்து முடித்து, லென்ஸை வைத்துக்கொண்டு படங்களை மட்டும் மறுபடியும் பார்த்தேன். காசு சேர்க்க ஆரம்பப் பாடம் சொல்லித்தர இதை எழுதவில்லை. அதையெல்லாம் தாண்டி வந்தவள் நீ. இரண்டு விஷயம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சொல்லிவிட்டால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.

முதலாவது, புளி.

நீ எழுதியிருக்கிறபடி, மாடி வீட்டுப் பூச்சு வேலைக்குக் கொத்தனார் மணல் சலிக்கிறார். சல்லடையில் தங்கிய சரளையோடும் கிளிஞ்சலோடும் பச்சை பிடித்த ஒரு சதுரத் துண்டு. வேறு யாராக இருந்தாலும் ஓட்டாஞ்சில்லு என்று காலால் தள்ளியிருப்பார்கள். நீ குனிந்து எடுத்தாய். அதுவரை எல்லாம் சரி. எடுத்த கையோடு சமையலறைக்குக் கொண்டுபோய், ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, விடிந்ததும் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாய். யானை பளிச்சென்று தெரிந்தது என்று சந்தோஷமாக எழுதியும் இருக்கிறாய். குத்துவிளக்கா அம்மிணி அது?

நீ போட்டிருக்கும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். முதல் படத்தில், யானையின் முதுகுக்கு மேலே, வலது ஓரத்தை ஒட்டி, பச்சைப் படலத்துக்கு அடியில் சின்னச் சின்ன மேடுகள் தெரிகின்றன. சேரர் செப்புக்காசில் யானைக்கு மேலே மங்கலச் சின்னங்கள் வரும் இடம் அது. அங்கே என்னென்ன இருந்தன என்பதைக் கொண்டுதான் ஒரு காசை இன்னொரு காசிலிருந்து வகை பிரிக்கிறோம். இரண்டாவது படத்தில் அதே இடம் அம்மை வடு விழுந்த முகம் போலக் குழி குழியாக இருக்கிறது. மேடு ஒன்றுகூட மிச்சமில்லை. பின்பக்கத்து வில்லும் அம்பும் தப்பித்தது அது ஆழமாக அடிபட்டிருந்ததால்தான்.

இரண்டாயிரம் வருஷம் ஈர மண்ணில் கிடந்த செம்பு வெறும் செம்பாக இருக்காது. அதன் மேல்தோல் முழுக்கக் களிம்பாக மாறியிருக்கும். அச்சில் அடித்த உருவத்தின் நுணுக்கமெல்லாம் அந்தக் களிம்புத் தோலில்தான் தங்கியிருக்கும். அடியில் உள்ள உலோகத்தை அரிப்பு தின்றிருக்கும். புளியோ எலுமிச்சையோ களிம்பைக் கரைக்கும்போது உருவத்தையும் சேர்த்தே கரைக்கிறது. நாம் அழுக்கு என்று நினைப்பதில்தான் காசே இருக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டுவை, தினமும் தண்ணீரை மாற்று, மண் தானாக இளகட்டும். பிறகு லென்ஸுக்கு அடியில் வைத்து மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் எடு. ஒரு மாதம் ஆனால் ஆகட்டும். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது வேறு வியாதி. அதில் நீயும் நானும் கை வைக்கக்கூடாது. ஈரம் படாமல் பொதிந்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் கேள். செப்புப் பொருள்களுக்கு வைத்தியம் பார்க்கவே 1930 வாக்கில் அங்கே ஒரு ரசாயனக்கூடம் தொடங்கினார்கள்.

புளி போட்டதையாவது வழிவழியாக வந்த பழக்கம் என்று பொறுத்துக்கொள்வேன். இரண்டாவதைப் பொறுக்க முடியவில்லை. காசு கிடைத்த இடத்தைப் பற்றி உன் கட்டுரையில் இருப்பது ஒரே தொடர்: 'கரூர்ப் பக்கத்து ஆற்று மணல்.' அவ்வளவுதானா? நீ வெள்ளகோவில்காரி. உனக்கு வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி, கிழக்கே போனால் காவிரி. மூன்றுக்கும் கரூர்ப் பக்கம் என்று சொல்லலாம். எந்த ஆறு?

அமராவதி என்றால் கரூர்ப் படுகை. மாக்கோதை என்று எழுத்துப் பொறித்த வெள்ளிக்காசு வந்த மணல். நொய்யல் என்றால் மேலே கொடுமணல் இருக்கிறது. இரும்பும் எஃகும் உருக்கி, கல்மணி அறுத்து, மேற்குக்கடல் வரை வியாபாரம் நடந்த ஊர். சேரர் காசு அமராவதியில் கிடைத்தால் பத்தோடு பதினொன்று. நொய்யலில் கிடைத்தால், அந்த வியாபார வழியில் எந்தக் காசு எங்கே கைமாறியது என்ற கேள்விக்கு ஒரு புது வரி சேரும். உன் கையில் இருப்பது எது? உனக்கும் தெரியாது, படிக்கிற எனக்கும் தெரியாது. சின்னத்தைப் புளி கொண்டுபோனது, ஊரை அந்த ஒரு தொடர் கொண்டுபோனது.

இந்தப் பேச்சை எடுத்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பரவாயில்லை, கேள். 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலை மீதே உளியால் ஒரு வெட்டு. ஒரு காசு மட்டும் தனியாகச் சந்தைக்கு வந்திருந்தால், யாரோ தங்கம் நிஜமா என்று சோதித்த தழும்பு என்று தள்ளுபடி விலைக்குப் போயிருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்து, எண்ணி, அதே வருஷத்து 'நியூமிஸ்மாட்டிக் கிரானிக்கிள்' இதழில் ஜி.எஃப். ஹில் பதிவு செய்ததால்தான், அது தற்செயல் இல்லை, காசு செல்லாது என்று காட்ட வேண்டுமென்றே போட்ட வெட்டாக இருக்கவேண்டும் என்று பேச முடிகிறது. தங்கம் அதே தங்கம்தான். சேதி கிடைத்தது இடத்தாலும் எண்ணிக்கையாலும்.

தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வியாபாரிகளிடம் வாங்கிய காசிலிருந்துதானே பெருவழுதியைக் கண்டுபிடித்தார் என்று நீ கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அந்தச் செப்புக்காசில் பாண்டியன் பெயரே தமிழ் பிராமி எழுத்தில் இருந்தது. முகவரியைத் தானே சுமந்துகொண்டு வந்த காசு அது. அப்படியும் அவர் எடை, அளவு, சின்னம், எழுத்து என்று ஒன்றைக்கூட விடாமல் எழுதிவைத்தார். எழுத்தில்லாத காசுக்குக் கிடைத்த இடம் ஒன்றுதான் முகவரி. அதை நாம்தான் எழுதவேண்டும், வேறு யாரும் வந்து எழுதமாட்டார்கள்.

நான் கரூரில் கேஷியராக இருந்த காலத்தில், சித்திரை வைகாசியில் அமராவதி வற்றியதும் அரிப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள். படுகையில் குழி தோண்டி, மணலை மரத்தட்டில் அள்ளி, தேங்கிய தண்ணீரில் சுற்றிச் சுற்றி அலசுவார்கள். மணல் போய், கனமானது மட்டும் தட்டின் அடியில் நிற்கும்: ஈயக்குண்டு, உடைந்த மோதிரம், மணி, காசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்துக்குக் கீழே உட்கார்ந்துவிடுவேன். அவர்களில் ஒரு பெரியவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர், காசுகளை ஒரே பையில் போடவே மாட்டார். வேட்டித் துணியைக் கிழித்துத் தனித்தனி முடிச்சு. பாலத்தடி முடிச்சுக்குச் சிவப்பு நூல், கோயில் பக்கத்து முடிச்சுக்கு வெள்ளை நூல், திருமுக்கூடலூர்ப் பக்கம் போய் அரித்ததற்குக் கறுப்பு. எதற்கு என்று கேட்டேன். எந்த மடுவில் எது தங்கும் என்று தெரிந்தால்தானே அடுத்த வருஷம் அங்கே குழி போட முடியும் என்றார். பாலத்தடியில் ரோமானியச் செப்புப் பொடிக்காசு அதிகம், மேலே போகப் போகச் சதுரக்காசு என்று ஆற்றின் கணக்கு முழுவதும் அவர் தலையில் இருந்தது.

அந்த முடிச்சுகளைக் கடைவீதியில் பழைய பித்தளை வாங்கும் ஒருவரிடம்தான் அவர் கொண்டுபோவார். கடைக்காரர் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, எல்லாவற்றையும் ஒரே தகர டப்பாவில் கொட்டி, எடை போட்டுப் பணத்தைக் கொடுப்பார். மிச்சம் உருக்குக்குப் போகும். எத்தனையோ தடவை அந்த டப்பாவுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். சிவப்பு நூலும் கறுப்பு நூலும் கீழே கிடக்கும். அந்தக் கோபம்தான் இன்றுவரை எனக்குள் இருக்கிறது. உன் கட்டுரையைப் படிக்கும்போது அதுதான் கிளம்பியது. கடைக்காரருக்குப் படிப்பும் இல்லை, அக்கறையும் இல்லை. உனக்கு இரண்டும் இருக்கிறது.

ஏன் இவ்வளவு உரிமை எடுத்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், அதே கட்டுரையின் இரண்டாம் பாதி. உங்கள் மளிகைக் கடைக் கல்லாவில் சில்லறை எண்ணும்போது கிடைத்த ஒரு ரூபாயைப் பற்றி நீ எழுதிய அந்த ஒன்றரைப் பக்கம். அச்சடிப்பில் பிழைபட்ட 'எரர்' காசு பற்றித் தமிழில் இதற்கு ஈடாக ஒன்றை நான் படித்ததில்லை. முகத்துக்காகச் சொல்லவில்லை.

ஒருபுறம் சிங்கமுகத் தூண், மறுபுறமும் அதே சிங்கங்கள், ஆனால் உள்வாங்கி, இடவலம் மாறி. நெற்கதிரா கோதுமைக்கதிரா என்று நாம் சண்டை போடுவோமே, அந்தக் கதிரும் இல்லை, வருஷமும் இல்லை, நாணயச்சாலைக் குறியும் இல்லை. பிராக்கேஜ் என்று பெயர் சொல்லி முடித்துக்கொள்வார்கள் மற்றவர்கள். நீ அச்சடிக்கும் யந்திரத்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போகிறாய். அடித்து முடிந்த காசு அச்சை விட்டு விழாமல் ஒட்டிக்கொண்டது; அடுத்து வந்த வில்லை அதன்மேல் உட்கார்ந்தது; அந்த ஒட்டிய காசே அச்சாகி இந்த வில்லையில் தன் முகத்தைக் குழியாகப் பதித்தது. இதுவரை எனக்கும் தெரியும். உள்வாங்கிய சிங்கங்கள் மறுபக்கத்துச் சிங்கங்களைவிடச் சற்றுப் பெரிதாக, ஓரத்தில் மழுங்கி இருக்கின்றன, ஆகவே ஒட்டிய காசு ஏற்கெனவே சில அடி வாங்கி நசுங்கிப் பரந்திருக்கிறது, அதனால் இது அந்த வரிசையில் முதல் காசு இல்லை என்று அளந்து சொன்னாயே, அந்த இடத்தில் மலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். ஒரு ரூபாய்க் காசைப் பார்த்து, அதற்கு முன்னால் போன காசுகளை, நீ கண்ணால் பார்க்காத காசுகளை, கண்டுபிடித்திருக்கிறாய்.

இரண்டு காசை வைஸில் வைத்து நசுக்கிய போலியா என்றும் சோதித்திருக்கிறாய்: அப்படிச் செய்தால் சரியான பக்கத்துச் சிங்கம் தட்டையாகும், குழிக்கு அடியில் பழைய கதிரின் சுவடு தெரியும், இதில் இரண்டும் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் ஆட்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டிய 'அபூர்வக் காசு'களில் பாதிக்கு மேல் வைஸ் வேலைதான். இதைத் தனியாக ஒரு கட்டுரையாக்கு. வெளியூர்ச் சங்கங்களுக்கும் அனுப்பலாம். லட்சம் கிடைக்குமா என்று உன் மாமா கேட்டதை மட்டும் எடுத்துவிடு. அந்த லட்சக் கதைகளை நம்பி முன்பணம் கட்டி ஏமாறுகிறவர்களுக்காக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டது.

இந்தக் கண்ணுதான் அந்தச் சதுரக்காசுக்கும் வேண்டும் என்கிறேன். ஸ்டீல் ரூபாயின் முன்கதையை அளந்து எழுதியவள், செப்புக்காசின் முன்கதையை 'கரூர்ப் பக்கம்' என்று விடலாமா?

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மணல் லோடு அடித்த லாரிக்காரரின் நம்பர் அப்பாவிடம் இருக்கும். எந்த ஆறு, எந்தத் துறை, எந்த மாதம் என்று கேள். வண்டிக்காரர்களுக்குத் துறை நன்றாக ஞாபகம் இருக்கும். கூலிக் கணக்கே அதை வைத்துத்தான். ஒரே லோடா, இரண்டு இடத்து மணல் கலந்ததா என்பதையும் கேட்டுக்கொள். கொத்தனாரிடம், வேறு ஏதாவது சில்லு, மணி, காசு வந்ததா என்று கேள். சலித்த கப்பி இன்னும் கொல்லையில் குவிந்து கிடந்தால் நீயே உட்கார்ந்து ஒரு தடவை அரித்துப் பார்.

பிறகு கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம். பயப்படாதே. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் தெரிவிக்கவேண்டும். அந்தச் சட்டம் கேட்பது என்ன தெரியுமா? என்ன பொருள், எவ்வளவு மதிப்பு, எந்த இடத்தில், எந்தத் தேதியில். நான் இத்தனை வருஷமாகக் கத்திக்கொண்டிருப்பதும் அதுதான். நூறு வருஷம் தாண்டிய காசு 1972ஆம் வருஷச் சட்டப்படி தொன்பொருள். வெளிநாட்டுக்காரர் யாராவது விலை கேட்டு எழுதினால் பதில்கூடப் போடாதே.

கடைசியாக, காசைப் போட்டு வைத்திருக்கும் உறைக்குள் ஒரு சீட்டு வை. பேனாவால் எழுதாதே, மை ஊறும், பென்சிலால் எழுது. ஆறு, துறை, தேதி, எடுத்தவர் பெயர், கொத்தனார் பெயரும் சேர்த்து. எடையை நகைக்கடைத் தராசில் மில்லிகிராம் வரை போடச் சொல். புளியில் ஊறியது என்பதையும் அதிலேயே எழுதிவிடு. அடுத்து அந்தக் காசை எடுத்துப் பார்க்கிறவர் அந்தக் குழிகளை வைத்து வேறு முடிவுக்கு வந்துவிடக்கூடாது. முதல் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பு. அந்த மேடுகளில் ஒன்று அங்குசமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

அன்புடன்,
கேஷியர் அப்புச்சி