தேய்ந்த கொழுவுக்குப் புது மூக்கு

சரளை கலந்த செம்மண்ணில் ஓடும் ஒன்பது கலப்பையைக் கழற்றிப் பார்த்தால், எல்லாக் கொழுவும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. டிராக்டர் சக்கரம் மிதித்து இறுகிய தடத்தைக் கிழிக்கும் கொழுக்கள்தான் முதலில் மழுங்கும். ஒரு முனை போனால் திருப்பிப் போடுகிறோம். இரண்டும் போனால் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுகிறோம். அதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். கொழுவின் உடம்பு அப்படியே இருக்கிறது, தேய்ந்தது மூன்று விரற்கடை மூக்கு மட்டும். வீட்டில் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மிஷின் இருந்தால் புது மூக்கு வைத்துவிடலாம்.

மூக்குக்கு எந்த இரும்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கட்டடக் கம்பி, சாதாரண பட்டை எல்லாம் சீக்கிரம் கரைந்துவிடும். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைதான் சரி. கடையில் கிடக்கும் துண்டு எது என்று சந்தேகம் வந்தால் கிரைண்டரில் லேசாகப் பிடித்துப் பாருங்கள். மெத்து இரும்பில் பொறி நீளமாக, கோடு கோடாகப் பறக்கும். ஸ்பிரிங் பட்டையில் பொறி குட்டையாகி, நுனியில் மத்தாப்புப் பூவாக வெடிக்கும். மங்கிய சிவப்பில் குட்டைப் பொறி வந்தால் அது வார்ப்பிரும்பு; இந்த வேலைக்கு ஆகாது.

தேயாத புதுக் கொழு ஒன்றை அட்டையில் வைத்து வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்பதையும் அந்த அளவுக்கே கொண்டுவர வேண்டும்; நீளம் மாறினால் உழவின் ஆழமும் சாலுக்குச் சால் மாறும். தேய்ந்த முனையைக் கட்டிங் வீலால் நேராக வெட்டி, பட்டையிலிருந்து அட்டை அளவுக்குத் துண்டு எடுங்கள். சேரும் இரு விளிம்புகளையும் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, துருவும் பெயிண்டும் போய் வெள்ளியாக மின்னும்வரை சுத்தம் செய்யுங்கள்.

ராடு 7018, 3.15 மி.மீ.; மிஷினில் 110 முதல் 120 ஆம்பியர், ராடு பாசிட்டிவில். பிரித்த பாக்கெட் மழைக்காலத்தில் ஈரம் குடித்திருக்கும். அந்த ராடு வைத்தால் பற்றுக்குள் விரிசல் விழும். வெயிலில் காய வைப்பது போதாது. சின்ன பாக்கெட்டாக வாங்கி, பிரித்த அன்றே முடித்துவிடுங்கள்.

வைக்கோல் போரிலிருந்து தள்ளி, காய்ந்த தரையில் வேலை செய்யுங்கள். ரப்பர் அடி உள்ள ஷூ, பருத்திச் சட்டை, தோல் கையுறை, முகமூடியில் 10ஆம் எண் கண்ணாடி. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். பகலில் பார்த்த வெளிச்சம் ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல அறுக்கும். அப்படி ஆனால் உருளைக்கிழங்கு வெட்டி வைப்பதோடு நிற்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

இனிதான் பலர் அவசரப்படும் இடம். ஸ்பிரிங் பட்டையைப் பச்சையாக வெல்டிங் செய்யக் கூடாது. இரண்டு துண்டையும் கரியடுப்பில் காய்ச்சுங்கள். தோசைக்கல்லில் தெளிப்பது போல ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: சுர்ரென்று ஆவியானால் சூடு போதாது, முத்தாகத் திரண்டு உருண்டு ஓடினால் ஏறக்குறைய 200 டிகிரி வந்துவிட்டது. 2 மி.மீ. இடைவெளி விட்டு இரு ஓரத்திலும் டேக் வையுங்கள். பிறகு ஒரு அங்குலம் முன்பக்கம், ஒரு அங்குலம் பின்பக்கம் என்று மாற்றி மாற்றி நிரப்புங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள்.

முடிந்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள். நான் முதலில் செய்த கொழுவைத் தொட்டியில் முக்கினேன். மறுநாள் இரண்டாம் சாலிலேயே மூக்கு கழன்று மண்ணுக்குள் போயிற்று. பற்று நன்றாகத்தான் இருந்தது, பக்கத்து இரும்புதான் கண்ணாடி போல உடைந்திருந்தது. அன்றிலிருந்து ஒரு வாளி காய்ந்த சாம்பல் தயாராக வைத்திருக்கிறேன். சூட்டோடு கொழுவை அதில் புதைத்துவிட்டுக் காலையில்தான் எடுக்கிறேன். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒலி அடைத்தாலோ, பற்றோரம் மயிரிழை தெரிந்தாலோ, மேலே பூசி மூடாமல் அடிவரை தேய்த்தெடுத்து மறுபடி காய்ச்சி நிரப்புங்கள்.

சரளை அதிகமான நிலமென்றால் மூக்கின் முன்முகத்தில் மட்டும் ஹார்ட்ஃபேசிங் ராடால் இரண்டு வரி போடலாம். பின்முகம் கொஞ்சம் முந்தித் தேய, முன்விளிம்பு தானே கூராக நிற்கும். அந்த வரிகளில் குறுக்கே மெல்லிய கீறல்கள் வருவது இயல்பு.

கூர் தீட்டும்போது இரும்பு நீலம் பாய விடாதீர்கள். விட்டு விட்டுத் தேயுங்கள். கொழுவைக் கலப்பையில் மாட்டிவிட்டு வெல்டிங் வைப்பது வேண்டாம், டிராக்டரின் மின்சுற்று கெடும். புது போல்ட், நட்டு போட்டு மாட்டி, முதல் ஏக்கர் ஓட்டியதும் இறங்கி ஒன்பதையும் மறுபடி இறுக்குங்கள்.